நாற்காலியிடம் ஒப்படைத்தது

அந்தக் கூடைப்பந்து கிளப்பில் அதுவரை ஒருவரையும் வேலையைவிட்டு நீக்கியதே கிடையாது. அதில் அவர்களுக்கு ரொம்பப் பெருமை. வேண்டாம் என்று தோன்றியவர்களை அவர்கள் 'விடுவிப்பார்கள்'. கூண்டைத் திறந்து கிளியைப் பறக்கவிடுகிறவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு விடுவிப்பார்கள். கிளி அப்புறம் எங்கே போய் உட்காரும் என்று கேட்கிற வழக்கம் மட்டும் கிடையாது.

அரையிறுதியில் தோற்ற மறுநாள் காலை பயிற்சியாளருக்கு அழைப்பு வந்தது. வரிசையாக நாலாவது வருடம், அதே அரையிறுதி. லீக் ஆட்டங்களில் எதிரே வந்தவர்களை எல்லாம் ஓட ஓட விரட்டுவார்கள். தோற்றால் வெளியே என்கிற ப்ளே-ஆஃப் வந்துவிட்டால் பரீட்சை ஹாலில் பேனாவைத் தொலைத்தவன் மாதிரி முழிப்பார்கள். 'அரையிறுதியில் தோற்கிற விஷயத்தில் நம்மளை ஜெயிக்க ஆளே இல்ல' என்று டிக்கெட் கவுண்டரில் இருப்பவரே சொல்லிச் சிரிப்பார்.

பயிற்சியாளரை ஊரில் விசில்காரர் என்றால்தான் தெரியும். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று அவர் மனைவியிடம் கேட்டால், "எனக்கென்னங்க தெரியும், கதவைச் சாத்திட்டுத்தானே குளிக்கிறார்" என்பாள்.

அழைப்பு வந்தபோது அவர் தன் வேலையைப் பற்றி யோசிக்கவில்லை. யோசித்ததெல்லாம் கொக்கின் முட்டியைப் பற்றி.

கொக்கு அணியிலேயே உயரமானவன். நின்ற இடத்தில் கையைத் தூக்கினால் வளையத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி இருப்பான். அரையிறுதியின் கடைசிக் கட்டத்தில், அணி நன்றாக முன்னிலையில் இருந்த நேரத்தில், விசில்காரர் அவனை வெளியே எடுத்து பெஞ்சில் உட்காரவைத்தார். அவன் இடது முட்டி ரொட்டி மாவு போல உப்பியிருந்தது. கிளப் டாக்டர் அதை அழுத்திப் பார்த்துவிட்டு விசில்காரர் காதோடு சொன்னார்: "உள்ளே பாதி கிழிஞ்சிருக்கு. ஒரு வருஷம் குதிக்காம இருந்தா ஒட்டிக்கும். குதிச்சா மீதியும் போயிடும். அப்புறம் விளையாட்டை விடுங்க, மாடிப்படி ஏறவே கைப்பிடி தேடணும்." கொக்கு பெஞ்சில் உட்கார்ந்தான், அணி கரைந்தது, ஆட்டம் போனது.

"ஒண்ணும் இல்ல கோச், சும்மா வீக்கம்தான். என்னை உள்ளே விடுங்க" என்று அவன் கடைசிவரை கெஞ்சிக்கொண்டிருந்தான். பயலிடம் முழுவதையும் நாளைக்கு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விசில்காரர் நினைத்தார். அந்த நாளைக்குத்தான் அழைப்பு வந்தது.

நிர்வாகக் குழுவின் அறை குளிர்சாதனத்தில் விறைத்துக் கிடந்தது. சுவர் முழுக்க முன்னாள் தலைவர்களின் படங்கள். எல்லாப் படத்திலும் ஒரே ஆள்தான், சட்டை மட்டும் வேறு. அதே ஆள் மேஜையின் தலைமாட்டிலும் உட்கார்ந்திருந்தார். அவர் மெத்தைக் கம்பெனி முதலாளி. அணியின் சட்டை, பந்து வைக்கும் பை, தண்ணீர்க் குடுவை எல்லாவற்றிலும் அவர் கம்பெனியின் வாசகம் அச்சடித்திருக்கும்: 'நிம்மதி நிச்சயம்.'

தலைவர் எழுந்தார்.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம். ஒரு குடும்பத்துல அப்பா சரியில்லன்னா என்ன பண்ணுவோம்? அப்பாவைத் திட்டுவோமா? அடிப்போமா? மாட்டோம். மரியாதையா வேற அப்பாவைப் பார்ப்போம்."

குழு மேஜையைத் தட்டியது.

"நான் வாழ்நாள் பூரா மெத்தை பண்றவன். ஸ்பிரிங்குன்னா என்னன்னு எனக்குத் தெரியும். அழுத்தினா எழும்பணும். நாலு வருஷம் அழுத்திப் பார்த்தாச்சு. இவர் எழும்பல. அதுக்காக இவரைக் குறை சொல்லமாட்டேன். அழுத்தினது நாங்க. எங்க பங்கை நாங்க சரியாச் செஞ்சிருக்கோம்னு மட்டும் பதிவு பண்ணிக்கிறேன்."

பிறகு எல்லோரும் எழுந்து தலை குனிந்து மௌனமாக நின்றார்கள். விசில்காரரும் எழுந்து நின்றார். யாருக்காக என்று புரியவில்லை. பக்கத்தில் நின்ற உறுப்பினரிடம் மெல்லக் கேட்டார்: "யாருங்க தவறிட்டாங்க?"

"நீங்கதான்" என்றார் உறுப்பினர், கண்ணைத் திறக்காமல்.

மௌனம் முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல மனுஷன்யா, இருந்தவரைக்கும் ஒரு வம்பு தும்புக்குப் போனதில்ல" என்று இன்னொருவர் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே மூன்றாமவரிடம் சொன்னார். இந்தக் கட்டிப்பிடிப்புகளுக்கு நடுவே விசில்காரர் மூச்சுவிட இடம் கிடைத்தபோது சொன்னார்:

"ஐயா, ஒரே ஒரு விஷயம். கொக்கோட இடது முட்டி..."

செயலாளர் கையை உயர்த்தினார். ஒல்லியான மனிதர். கிளப்பின் விதிகள் முழுவதும் அவர் தலைக்குள்தான் இருந்தன. வெளியே எங்கும் எழுதி வைப்பதில்லை. எழுதினால் யாராவது படித்துவிடுவார்கள் என்பது அவர் கொள்கை.

"விடுவிக்கப்பட்டவர் அணியைப் பத்திக் கருத்துச் சொல்லக் கூடாது. விதி."

"கருத்து இல்லங்க, முட்டி."

"முட்டி அணியில ஒரு பகுதி. அது ஒப்படைப்புல வரும். உங்க இடத்துக்கு வர்றவர்கிட்ட முறைப்படி ஒப்படையுங்க. அதுவரைக்கும் குழுவுக்கு அந்த முட்டி தெரியாது."

"உங்களுக்கு இப்பச் சொன்னேனே?"

"சொன்னீங்க. நாங்க கேட்கல."

வீட்டில் மனைவி பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். அவர் கழுத்தில் விசில், அவள் கழுத்தில் அளவெடுக்கும் டேப். கழுத்தில் எதையாவது மாட்டிக்கொண்டு பிழைக்கிற குடும்பம் என்று அவளே சொல்வாள். அவள் இருந்த காலத்தில் அந்த வீட்டில் தையல் மெஷின் சத்தமும் அவள் பேச்சும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே இருக்கும். பின்னால் இரண்டும் நின்றுபோன பிறகுதான், வீடு எவ்வளவு சின்னது என்பது விசில்காரருக்குத் தெரிந்தது. அது பின்னால்.

"என்னங்க சொன்னாங்க?"

"விடுவிச்சுட்டாங்க."

"யார்கிட்டேருந்து?"

"அவங்ககிட்டேருந்துதான்."

"அப்ப நல்லதுதானே. எதுக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வர்றீங்க?"

முட்டி விஷயத்தைச் சொன்னார். அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"ஒரு போன் போட்டு அந்தப் பையன்கிட்டச் சொன்னா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு ஒப்படைப்பு, கிப்படைப்பு?"

"நான் போன் பண்ணி, அவன் எடுத்துப் பேசிட்டான்னு வெச்சுக்க. அவனையும் வெளியே தள்ளிடுவாங்க. விடுவிச்ச ஆள்கிட்ட ஆட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாப் போதும். இங்கேருந்து வெளியே போனவனை வேற எந்த கிளப்பும் தொடாது."

"அப்ப டாக்டர் சொல்லட்டும்."

"டாக்டருக்கு போன் பண்ணினேன். பயிற்சியாளர்ங்கிற பதவிகிட்டத்தான் நான் சொல்லணும், ஏற்கெனவே சொல்லிட்டேன், மறுபடி சொல்ல எனக்கு அதிகாரம் இல்லங்கிறார்."

"எந்தப் பதவிகிட்டச் சொன்னாராம்?"

"நேத்துவரைக்கும் அந்தப் பதவி நான்தான்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எனக்கு வேலை போனது போகட்டும்" என்றார் விசில்காரர். "யாராவது ஒருத்தர் காதுல வாங்கிக்கிட்டு 'சரி'ன்னு சொன்னாப் போதும். நான் பாட்டுக்கு உனக்குப் பட்டன் தெச்சுக் குடுத்துட்டுக் கிடப்பேன்."

"சரி" என்றாள் அவள்.

"நீ சொன்னா ஆகாது."

"தெரியும். இருந்தாலும் ஒருத்தி சொல்லிவைக்கிறேன்."

சில வாரம் கழித்துச் செயலாளரே கூப்பிட்டார். ஒப்படைப்பைத் தொடங்க வேண்டுமாம். ஒப்படைக்காமல் இருப்பதும் குற்றமாம். விசில்காரர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். மனைவி வாசல்வரை வந்து, "மொதல்ல முட்டியைச் சொல்லுங்க, அப்புறம் மத்ததெல்லாம்" என்று சொல்லி அனுப்பினாள்.

பயிற்சியாளர் அறை அப்படியே இருந்தது. வலைப்பையில் பந்துகள், காந்த வில்லைகள் ஒட்டிய பலகை, காயாத துண்டுகளின் வாடை. மேஜைக்குப் பின்னால் பெரிய சுழல் நாற்காலி. மெத்தைக் கம்பெனியின் அன்பளிப்பு. சாய்மானத்தில் 'நிம்மதி நிச்சயம்' என்று தங்க நூலில் தைத்திருந்தது. விசில்காரர் நாலு வருடமாக அதில் சரியாக உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் ஸ்பிரிங் ஒன்று இடுப்பில் குத்தும்.

"புதுசா வந்தவர் எங்கே?" என்று கேட்டார்.

"இன்னும் யாரும் வரல. தேடல் குழு தேடிட்டிருக்கு. அது தேடி முடிக்கிற வரைக்கும் ஒப்படைப்பு காத்திருக்காது. அதனால பதவிகிட்டயே ஒப்படைக்கலாம்னு தீர்மானம் போட்டுட்டாங்க."

"பதவி எங்கே இருக்கு?"

செயலாளர் நாற்காலியைக் காட்டினார்.

விசில்காரர் நாற்காலியைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார். கிண்டல் செய்கிறாரோ என்று அவர் முகத்தில் தேடினார். அந்த முகத்தில் கிண்டல் தங்குவதற்கு இடமே இல்லை.

"இதுகிட்டப் பேசணுமா?"

"நான் சாட்சி. எதுக்கும் கவலைப்படாதீங்க." செயலாளர் சட்டைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து உருட்டிக் காதுகளில் அடைத்துக்கொண்டார். "சாட்சி பார்க்கணும், கேட்கக் கூடாது. கேட்டா எனக்கும் விஷயம் தெரிஞ்சதா ஆகிடும். விஷயம் தெரிஞ்சவனுக்குப் பொறுப்பு வந்துடும்."

"அது எப்படிச் சரின்னு சொல்லும்?" விசில்காரர் கத்திக் கேட்டார்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்ட செயலாளர், "மறுப்புச் சொல்லலன்னா ஏத்துக்கிட்டதா அர்த்தம். நம்ம குழுவே அப்படித்தானே நடக்குது?" என்றார்.

முதல் நாள் விசில்காரருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. "வணக்கம்" என்று தொடங்கினார். செயலாளர் மெச்சுகிற மாதிரித் தலையாட்டினார். முட்டியை முதலில் சொல்ல முடியவில்லை. செயலாளர் தலைக்குள் இருந்த வரிசைப்படி பூட்டு, சாவி, விளக்கு, பந்து, வீரர்கள் என்றுதான் போக வேண்டியிருந்தது. பூட்டைத் தூக்கித் திறக்க வேண்டும் என்றார். பந்துகளில் மூன்று மெல்ல மெல்லக் காற்று இறங்கும், எவை என்று பார்த்தால் தெரியாது, தட்டினால்தான் தெரியும் என்றார். நாற்காலி ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. மின்விசிறிக் காற்றில் எப்போதாவது லேசாகத் திரும்பும். அப்போதெல்லாம் செயலாளர் மரியாதையாக நிமிர்ந்து உட்காருவார்.

நாள் போகப்போக விசில்காரருக்குக் கூச்சம் போய்விட்டது. சொல்லப்போனால், குழுவிடம் பேசியதைவிட இதனிடம் பேசுவது சுலபமாக இருந்தது. இது இடையில் மெத்தையைப் பற்றிப் பேசவில்லை.

அணி வீரர்கள் அப்போது உடற்பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார்கள். குடிதண்ணீர் மெஷின் பயிற்சியாளர் அறை வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் கோடையில் அந்த அணி குடித்த தண்ணீரை எந்த அணியும் குடித்திருக்காது. ஒருவன் போனால் இன்னொருவன் வருவான். குவளையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்பார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசினால்தானே விதி?

"சுண்டெலின்னு ஒருத்தன் இருக்கான், பந்தை ஓட்டிக்கிட்டு வர்றவன்" என்று விசில்காரர் நாற்காலியிடம் சொன்னார். "அவனைத் திட்டினா ஆடமாட்டான். திட்டலன்னா பயிற்சிக்கே வரமாட்டான். பாதி வாக்கியம் திட்டிட்டு நிறுத்திடணும். மீதியை அவனே திட்டிக்குவான்."

வாசலில் யாரோ தண்ணீர் புரையேறி இருமினார்கள்.

கொக்கின் முறை வந்தது. அவன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான், எடையெல்லாம் வலது காலில். விசில்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலியை மட்டும் பார்த்துச் சொன்னார். வழக்கத்தைவிட நிதானமாக, சின்னக் குழந்தைக்குச் சாலையைக் கடக்கச் சொல்லித்தருகிறவர் போலச் சொன்னார்.

"கொக்கோட இடது முட்டி. உள்ளே பாதி கிழிஞ்சிருக்கு. இந்த வருஷம் குதிக்கக் கூடாது. ஆட்டத்துல மட்டும் இல்ல, பயிற்சியிலயும் கூடாது. அவன் ஒண்ணும் இல்லம்பான், நம்பாதே. வலியை மறைக்கிறப்ப அவன் கீழ் உதட்டைக் கடிப்பான், பார்த்தாத் தெரியும். நடக்கலாம், நீந்தலாம், உட்கார்ந்தபடி வளையத்துல போட்டுப் பழகலாம். ஒரு வருஷம் பொறுத்தா அப்புறம் பத்து வருஷம் ஆடுவான். பொறுக்கலன்னா..." அவர் நிறுத்தினார். "பொறுக்கணும். அவ்வளவுதான். தயவுசெஞ்சு."

நாற்காலி சும்மா இருந்தது. மின்விசிறி அந்தப் பக்கம் சுற்றிவிட்டு இந்தப் பக்கம் வந்தது. நாற்காலி கிறீச்சிட்டுக்கொண்டு கொஞ்சம் திரும்பியது.

"புரிஞ்சுபோச்சு அதுக்கு" என்றார் செயலாளர், பஞ்சை எடுத்தபடி.

வாசலில் யாரும் இல்லை. தாழ்வாரத்தில் ஒரு காலை அழுத்தியும் மறு காலை மெதுவாகவும் வைத்து யாரோ நடந்து போகிற காலணிச் சத்தம் மட்டும் கேட்டது.

புதிய பயிற்சியாளர் வந்தபோது பத்திரிகைக்காரர்களுக்குப் பெரிய விருந்து நடந்தது. வேறோர் ஊரில் கோப்பை ஜெயித்தவர். நல்ல உடை, நல்ல பல். தலைவர் அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு பேசினார்: "பழைய மெத்தையில எவ்வளவு நல்லாத் தட்டிப் போட்டாலும் பள்ளம் பள்ளம்தான். அதான் புதுசு வாங்கியிருக்கோம். இந்த வருஷம் கோப்பை நிச்சயம், நிம்மதி நிச்சயம்."

ஊரெல்லாம் விளம்பரப் பலகைகள் வந்தன. கொக்கு ஒரு மெத்தை மேலே குதித்து அந்தரத்தில் நிற்கிறான். சிரிப்பு வாய் நிறைய. உற்றுப் பார்த்தால் கீழ் உதடு பல்லுக்கடியில்.

விசில்காரர் அரங்கத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் புதியவரைப் பிடித்துவிட்டார். கூடவே செயலாளரும் இருந்தார்.

"சார், ஒரு நிமிஷம். அந்த உயரமான பையனோட முட்டி..."

"ஒப்படைப்பு முடிஞ்சுது" என்றார் செயலாளர். "ஒரு தடவை ஒப்படைச்சதை மறுபடி ஒப்படைச்சா, மொதல் ஒப்படைப்பு செல்லாதுன்னு ஆகிடும். பூட்டு, சாவி, பந்து எல்லாம் திரும்ப உங்க பொறுப்புக்கு வந்துடும். கோடை பூரா நான் பஞ்சு வெச்சுட்டு உட்கார்ந்திருக்கேன், தெரியுமில்ல?"

"நாற்காலிகிட்டத்தானே சொன்னேன்! அது இவருக்குச் சொல்லிச்சா?"

புதியவர் மிகவும் மரியாதையானவர். "அந்த நாற்காலியில உட்கார்ந்தா எல்லாம் புரிஞ்சிடும்னு எனக்குச் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாங்க சார். உட்கார்ந்து பார்த்தேன்" என்றவர், கொஞ்சம் தயங்கி, இடுப்பைத் தடவிக்கொண்டார். "முட்டியைப் பத்தி ஒண்ணும் தெரியல. முதுகைப் பத்தித்தான் தெரிஞ்சுது. அதோட, விளம்பரப் பலகை எல்லாம் வெச்சாச்சு. அவன் ஆடலன்னா நான் ஏன் இருக்கேன்னு கேட்பாங்க." கார் கதவை மூடுவதற்கு முன்பு, "நீங்களும் இந்த வேலையில இருந்தவர்தானே சார்?" என்றார்.

கொக்குக்கு எல்லாம் தெரியும். அவன் கேட்டிருந்தான். ஆனால் கேட்டதாகச் சொல்ல முடியாது. யார் சொன்னது என்பார்கள். விடுவிக்கப்பட்டவர் பெயரைச் சொன்னால் அணியில் இடம் போகும். பெயரைச் சொல்லாவிட்டால் ஆடப் பயந்து சாக்குச் சொல்கிறான் என்பார்கள். டாக்டரிடம் போனால், அவர் பதவியிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. இதையெல்லாம் விசில்காரர் இரவும் பகலும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எந்தப் பக்கம் புரட்டினாலும் சுவர் இருந்தது. கட்டியவன் கெட்டிக்காரன்தான் என்று சில நேரம் வியப்பாகக்கூட இருந்தது.

புது சீசனின் முதல் ஆட்டத்தை அவரும் மனைவியும் வீட்டு டிவியில் பார்த்தார்கள். அவள் சீருடை ஒன்றுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் கை கழுத்திலிருந்த விசிலைப் பிடித்திருந்தது.

கொக்கு நன்றாக ஆடினான். அதுதான் கொடுமை. அவன் ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் விசில்காரர் உட்கார்ந்த இடத்திலேயே இடது காலை இழுத்துக்கொண்டார்.

"ஊதுங்களேன்" என்றாள் மனைவி திடீரென்று. "நிறுத்துற விசிலை ஊதுங்களேன்."

"இங்கேருந்து ஊதினா அங்கே கேட்குமாடீ?"

"அங்கே போய்ச் சொன்னப்ப மட்டும் கேட்டுச்சா?"

அவர் ஊதினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. திரையில் கொக்கு பந்துக்காக எழும்பினான், யாரும் அவனைத் தொடவில்லை, இறங்கினான். இறங்கிய கால் அங்கே இல்லாதது போல மடங்கியது. அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. அவன் கத்தவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். உடனே விளம்பர இடைவேளை வந்தது. அதில் கொக்கு மெத்தைமேல் குதித்தான், அந்தரத்தில் நின்றான், சிரித்தான். நிம்மதி நிச்சயம்.

மனைவி எழுந்துபோய் டிவியை அணைத்தாள். ஊசியை எங்கே குத்தி வைத்தாள் என்று ரொம்ப நேரம் தேடினாள். அது அவள் கையில்தான் இருந்தது.

விசாரணைக்கு விசில்காரரைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். அதே குளிர்ந்த அறை. சுவரில் தலைவரின் படம் ஒன்று கூடியிருந்தது.

"கிளப்போட சொத்து ஒண்ணு சேதாரமாயிருக்கு" என்று தலைவர் ஆரம்பித்தார். "நூல்கண்டு மாதிரி சுத்திச் சுத்திப் பேச எனக்குத் தெரியாது. நேராக் கேட்கிறேன். இந்த முட்டியைப் பத்தி உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

அறையில் காற்று கனத்தது.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உங்ககிட்டச் சொன்னேன். நீங்க கேட்கல. அப்புறம் நாற்காலிகிட்டச் சொன்னேன்."

"நாற்காலிகிட்டச் சொன்னீங்களா!" தலைவர் முகம் மலர்ந்தது. குழு முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டது. "சந்தேகமில்லாம?"

"நான் சாட்சி" என்று செயலாளர் எழுந்தார். "அவர் உதடு அசைஞ்சதைப் பார்த்தேன். நாற்காலி திரும்பினதையும் பார்த்தேன். அது எந்த மறுப்பும் சொல்லல."

"ஆக, நாற்காலிக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் சொல்லாம இருந்திருக்கு."

"ஐயா, அது நாற்காலி" என்றார் விசில்காரர்.

"அந்தப் பதவியில இருக்கிறவங்களை எல்லாம் நீங்க இப்படி விட்டுக்கொடுக்காமப் பேசறது உங்க பெருந்தன்மை" என்றார் தலைவர். "ஆனா குழு தன் கடமையைச் செஞ்சாகணும்."

நாற்காலியைக் கொண்டுவந்து அறை நடுவில் வைத்தார்கள். தலைவர் பேசும்போது குரல் தழுதழுத்தது. அவர் கம்பெனியில் பிறந்த நாற்காலி, சொந்தப் பிள்ளை மாதிரி. ஆனால் பிள்ளை என்பதற்காக நியாயம் வளையாது. கிளப் இதுவரை யாரையும் நீக்கியதில்லை, இதையும் நீக்கவில்லை, விடுவிக்கிறது. எல்லோரும் எழுந்து தலை குனிந்து மௌனமாக நின்றார்கள். விசில்காரரும் நின்றார். இந்த முறை யாருக்காக என்று அவர் கேட்கவில்லை. அவர் மனதில் ஒருவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். அவர் அவனுக்காக நின்றார்.

கட்டிப்பிடிக்கும்போது மட்டும் கொஞ்சம் குழப்பம் வந்தது. கடைசியில் ஒருவர் குனிந்து சாய்மானத்தைத் தட்டிக்கொடுத்தார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

விடுவிக்கப்பட்டது விடுவிக்கப்பட்டவரிடம்தான் இருக்க வேண்டும் என்று ஒரு விதி செயலாளரின் தலைக்குள்ளிருந்து வெளிப்பட்டது. மறுநாள் சின்ன லாரியில் நாற்காலி விசில்காரர் வீட்டுக்கு வந்து இறங்கியது.

"இதை எங்கே வைக்கிறது?" என்றார் அவர்.

"கூடத்துலயே வைங்க. பாவம், அதுக்கும் வேலை போயிடுச்சு" என்றாள் மனைவி. இடுப்பில் குத்திய ஸ்பிரிங்கைக் கத்தரிக்கோலால் நெம்பி எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சீருடைத் துணியால் ஒட்டுப்போட்டாள். தங்க நூலில் இருந்த வாசகத்தையும் பிரிக்கப் பார்த்தாள். பாதி பிரிந்தது, பாதி வரவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு மத்தியானம் வாசலில் தட்டுகிற சத்தம் கேட்டது. கையால் தட்டிய சத்தம் இல்லை, மரத்தால் தட்டிய சத்தம். விசில்காரர் கதவைத் திறந்தார். ஊன்றுகோல் இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு கொக்கு நின்றான். நிலைப்படிக்குத் தலையைக் குனிகிற பழக்கம் மட்டும் மாறவில்லை.

"பயப்படாதீங்க கோச். என்னையும் விடுவிச்சுட்டாங்க. இனி பேசலாம்."

விசில்காரர் கதவை இன்னும் அகலத் திறந்தார். மனைவிதான், "உள்ளே வாப்பா, வாசல்ல நின்னு அளவு குடுக்கவா வந்தே?" என்று கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். அவன் நீளத்துக்குப் பொருத்தமாக அந்த வீட்டில் ஒரே ஒரு இருக்கைதான் இருந்தது. அதில் உட்காரவைத்து, முக்காலியை இழுத்துப்போட்டு இடது காலைத் தூக்கி வைத்தாள். பிறகு டீ போடுகிறேன் என்று உள்ளே போனாள். டீ போட அவ்வளவு நேரம் பிடிக்காது.

"எப்படி இருக்குடா?"

"மாடிப்படி மட்டும்தான் கோச் தகராறு. தரையில ஒண்ணும் இல்ல." சொல்லிவிட்டுக் கீழ் உதட்டைக் கடித்தான்.

மின்விசிறி அந்தப் பக்கம் சுற்றிவிட்டு இந்தப் பக்கம் வந்தது. கனம் ஏறியிருந்ததால் நாற்காலி திரும்பவில்லை.

"நான் இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கணும்" என்றார் விசில்காரர்.

"நல்லாக் கேட்டுச்சு கோச். தண்ணி மெஷின்வரைக்கும் கேட்டுச்சு." கொக்கு சாய்மானத்தில் தலையை வைத்தான். "ஆனா நின்னுட்டுக் கேட்டேன். பதில் சொல்ல முடியல. இப்ப உட்கார்ந்திருக்கேன். இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

"இப்ப எதுக்குடா? எல்லாம்தான் முடிஞ்சுபோச்சே."

"சும்மா சொல்லுங்க."

விசில்காரர் சுவரைப் பார்த்தார். உள்ளே டம்ளர் சத்தம் நின்றிருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அன்றைக்கு நாற்காலியைப் பார்த்த மாதிரியே நேராகப் பார்த்தார்.

"இடது முட்டி. உள்ளே பாதி கிழிஞ்சிருக்கு. இந்த வருஷம் குதிக்கக் கூடாது. பயிற்சியிலயும் கூடாது. ஒரு வருஷம் பொறுத்தா அப்புறம் பத்து வருஷம் ஆடலாம். பொறுக்கணும். தயவுசெஞ்சு."

"சரி, கோச்" என்றான் கொக்கு.